ஆய்த்து மேடம்

இருபத்தெட்டாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
முப்பத்தொன்றாம் தேதி, ராத்திரி எட்டரை,
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட ஷோரூம்.
மூன்று நாள் குளியலறையில்
ஏற்ற இறக்கத்தோடு பழகிய வாக்கியம் அது.

அவன் கால்குலேட்டரைத் தொடவில்லை.
மேனேஜரின் கண்ணாடி அறைப் பக்கம்
தலையைத் திருப்பவில்லை.
"ஆய்த்து மேடம்" என்றான்.

அவ்வளவு சீக்கிரம்.

கன்னடத்தில் ஆய்த்து, நம்மில் ஆச்சு.
ஆச்சு என்றால் பின்னாலேயே போச்சு வரும்,
தெரியாதா எனக்கு?
ராமமூர்த்தி நகர் மார்க்கெட்டில்
புதினாக் கட்டு விற்பவள்கூட
ஐந்து ரூபாய்க்குப் பத்து நிமிடம் என்னைத் திட்டுவாள்.
விற்கிறவன் கொஞ்சமாவது
முகம் சுளிக்க வேண்டாமா?

நாற்பது கேட்டிருக்கலாம்.
ஐம்பது.
ஐம்பதுக்கு அவன் எழுந்து உள்ளே போயிருப்பான்,
மேனேஜர் கையை விரித்திருப்பார்,
நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவுவரை நடந்திருப்பேன்,
நாற்பத்திரண்டில் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பேன்.
நடக்காத அந்தப் பேரத்தில்
தினமும் பதினொரு மணிக்குப் படுக்கையில் ஜெயிக்கிறேன்.

பட்டன் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள் நான்.
ஒரு பொத்தானின் விலையை
நாலு தசமத்தில் பிடித்து நிறுத்துகிறவள்.
அந்தத் தாளைத்தான்
பேஸ்மென்ட் பார்க்கிங்கில், உள்விளக்கைப் போட்டு,
ஸ்டியரிங்மேல் விரித்துவைத்துப் படிக்கிறேன்.
ரோடு டாக்ஸ். அது தலைவிதி, விடு.
ஓசூரில் பதிந்திருக்கலாமே என்று
சின்ன மாமனார் இன்னும் போன் செய்கிறார்.
இன்ஷூரன்ஸ், வெளியே எடுத்திருந்தால்
ஒன்பதாயிரம் மிச்சம்.
ஹேண்ட்லிங் என்று ஒரு வரி.
யார், எதை, எங்கே தூக்கினார்கள்?
சும்மா தருகிறோம் என்ற மேட்
கடைசி வரியில் வேறு பெயர் வைத்துக்கொண்டு
மூவாயிரத்து இருநூறாகப் படுத்துக் கிடக்கிறது.

மூன்றாம் மாடி பத்மஜா
அதே வண்டி, அதே வெள்ளை,
மூன்று வாரம் கழித்து வாங்கினாள்.
எவ்வளவு ஆச்சு என்றேன்.
"ஏதோ ஆச்சுங்க" என்றாள்.
குறைவாகக் கொடுத்தவர்கள் பேசும் தோரணை அது.
இல்லை, கூடக் கொடுத்தவர்களுடையதா?
லிப்டில் மாடிக்கு மாடி
அவள் முகத்தைப் படிக்கிறேன்.

வண்டி ஓடுதுல்ல, என்கிறார் அருள்ஞானம்
தலையணைக்குள்ளிருந்து.
ஓடுகிறது.
அதைப் பற்றி யார் பேசினார்கள்?

நேற்று சாயங்காலம் டின் பேக்டரியில் மழை.
ஷோரூம் சட்டையில் அவன், லோஹித்,
தலைக்குமேல் பிளாஸ்டிக் பைலைப் பிடித்தபடி
வராத பஸ்ஸைப் பார்த்து நின்றிருந்தான்.
கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டேன்.

கே.ஆர். புரம் பாலம் ஏற நாற்பது நிமிடம்.
என்னை அவனுக்கு ஞாபகமில்லை.
வண்டியைத் தெரிந்தது.
டேஷ்போர்டை விரலால் தட்டிவிட்டு
"எந்த ஷோரூம் மேடம்? எவ்ளோக்கு முடிச்சீங்க?" என்றான்.

கேட்க வேண்டியவள் நான்.
அன்றைக்கு இன்னும் எவ்வளவு வைத்திருந்தாய்
அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்?
எத்தனை ராத்திரி வார்த்தை வார்த்தையாகக் கோர்த்த கேள்வி.
வாயில் வந்தது வேறு.
கொடுத்ததில் பதினைந்தாயிரத்தைக் கழித்து
ஒரு தொகையைச் சொன்னேன்.

வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது.
அவன் முகத்தைச் சுளித்தான்.
ஆமாம், சுளித்தான்.
போனை எடுத்து எதையோ கூட்டினான், கழித்தான்,
உதட்டைப் பிதுக்கினான்.
"சான்ஸே இல்ல மேடம்.
எங்க மேனேஜர்னா செத்தாலும் தரமாட்டாரு."

பாலத்தின் இறக்கத்தில்
யாரோ எனக்கு வழிவிட்டார்கள்.

அப்போதுதான் பார்த்தேன்,
ஏறியதிலிருந்து ஈர ஷூக்களை
நுனியில் நிறுத்தி வைத்திருக்கிறான்,
குதிகால் அந்தரத்தில்.
பழக்கம் மேடம், என்றான்,
டெலிவரிக்கு முன்னாடி கறை பட்டா
எங்க சம்பளத்துல பிடிப்பாங்க.

நல்லா ஊன்றி வைங்க, என்றேன்.
மேட்டு சும்மா வந்ததுதான்.